ஃபிளெக்ஸில் இருந்த கை

கள்ளக்குறிச்சியில் கல்யாணப் பெண்களுக்கு மெஹந்தி போடுகிறேன். எதிர்க்கடை சுமதியைத் தேடி கல்வராயன் மலையிலிருந்துகூட வருவார்கள். பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவளை மிஞ்ச வேண்டும் என்று, மெஹந்தி ஆர்வலர்கள் படம் போடும் இணையதளத்தில் தேடித் தேடி, இருப்பதிலேயே அழகான கையின் படத்தை எடுத்தேன். யாரையும் கேட்காமல், நான் போட்டதுபோல ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் மாட்டினேன்.

மறுநாள் சுமதி வந்து, தன் இடக்கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். கட்டைவிரலில் அதே மச்சம்!

"இன்னாக்கா, கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே?" என்று சிரித்தாள்.

அன்றே ஃபிளெக்ஸைக் கழற்றினேன். இப்போது நான் போட்ட டிசைனைத்தான் மாட்டுகிறேன். அடுத்தவர் படமென்றால் முதலில் அனுமதி கேட்கிறேன். ஆனால் அத்தனை படத்தில் நான் அசந்துபோய் எடுத்தது அவள் கையா என்று நினைத்தால், வயிறு முன்னைவிட ஜாஸ்தியாக எரிகிறது.