ஒப்பீட்டுத் தெருவின் சுவர்

கடல் கடந்து வரும் வளர்ச்சித் திட்டங்களால் மக்கள் எவ்வளவு தூரம் வளர்ந்தார்கள் என்று அளக்கும் மாபெரும் அறிவியலில் கேள்வியக்காவுக்கும் ஒரு பங்கு உண்டு. வெயிலில் நடக்கிற பங்கு.

கையில் டேப்லெட், கழுத்தில் படம் போட்ட அட்டை. பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் வேலை. கோழி கொடுத்தவர்கள், கோழியால் வாழ்க்கை உயர்ந்ததா என்று கேட்கச் சொன்னார்கள், கேட்டாள். கழிப்பறை கட்டியவர்கள், அதற்குள் யாராவது போகிறார்களா என்று கேட்கச் சொன்னார்கள். அதையும் முகம் சுளிக்காமல் கேட்டாள். வீட்டில் மட்டும் மரியாதை குறைவு. "ஊர்ல யார் வீட்டுல எத்தனை வாளி இருக்குன்னு தெரியுது. என் மூக்குக்கண்ணாடி எங்கேன்னு கேட்டா மட்டும் முழிக்கிற" என்பார், பஸ் ஓட்டும் கணவர்.

மூன்று வருஷத்துக்கு முன் வந்தது குடிநீர்த் திட்டம். குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும் இரண்டு தெருக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் தெருவில் எண்பது வீட்டுக்கும் தலா ஒரு வடிகட்டி. இரண்டாம் தெருவுக்கு ஒன்றும் கிடையாது. மறந்துவிடவில்லை, வேண்டுமென்றேதான். வடிகட்டி இல்லாதவர்களுக்கு எவ்வளவு வயிற்றுப்போக்கு என்று தெரிந்தால்தானே இருப்பவர்களுக்குக் கிடைத்த நன்மையைச் சொல்ல முடியும்? அதற்கு ஒப்பீட்டுத் தெரு என்று பெயரும் வைத்தார்கள். நன்மை நிரூபணமானால் அவர்களுக்கும் வடிகட்டி உண்டு என்று வாக்குறுதியும் கொடுத்தார்கள்.

கேள்வியக்காவின் தங்கை இரண்டு வயது மகளோடு குடியிருப்பது அந்த ஒப்பீட்டுத் தெருவில்.

"நாங்க எப்ப படுக்கையில விழுவோம்னு பாக்கத்தானே மாசாமாசம் வர்ற?" என்று தங்கை சிரித்துக்கொண்டே குத்துவாள்.

"வாயைக் கழுவுடி. போன பதினஞ்சு நாள்ல பாப்பாவுக்கு வயித்தால போச்சா?"

"இல்ல."

"குடிக்கிற தண்ணி எங்கேருந்து?"

"தெரியாத மாதிரி கேக்கறியே."

தெரியும்தான். இரண்டு தெருவும் முதுகோடு முதுகு ஒட்டியவை. நடுவில் மார்பளவு சுவர். முதல் தெருவின் தையல்காரம்மா தினமும் காலையில் தன் வடிகட்டித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துச் சுவருக்கு மேலே நீட்டுவாள், தங்கை வாங்கிக்கொள்வாள். அவர்கள் மட்டுமல்ல, சுவர் நெடுகிலும் குடங்கள் கைமாறும். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. பக்கத்துக் குழந்தை செம்மண் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் தெளிந்த தண்ணீரைக் குடிக்க யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

படிவத்தில் சொந்தக் குழாய், கிணறு, லாரி, கேன் என்று நான்கு பதில்கள் இருந்தன. சுவர் இல்லை. கேள்வியக்கா 'மற்றவை' என்பதைத் தொட்டு, 'முதல் தெருவிலிருந்து, சுவருக்கு மேலே' என்று மூன்று வருஷமாக எழுதினாள். அலுவலகத்தில் மேற்பார்வையாளர் அத்தனையையும் 'சொந்தக் குழாய்' என்று மாற்றினார். மற்றவை அதிகமானால் அறிக்கை அசிங்கமாகத் தெரியுமாம்.

முடிவு வெளியிடும் கூட்டம் குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. திரையில் இரண்டு கோடுகள், இரட்டைக் குழந்தைகள் போல ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. இரண்டு தெருவிலும் நோய் ஒரே அளவு. ஆகவே, வடிகட்டியால் பயனில்லை. ஆகவே, இரண்டாம் தெருவுக்கு அது தேவையில்லை. கைதட்டல்.

கேள்வியக்கா எழுந்தாள்.

"ரெண்டு தெருவும் ஒரே தண்ணியத்தான் குடிக்குது சார். நான் எழுதியிருக்கேன். யாரும் படிக்கல."

மேற்பார்வையாளர் நாற்காலியில் சுருங்கினார். வெளிநாட்டு நிபுணரோ மலர்ந்துபோனார். அற்புதமான கண்டுபிடிப்பாம்! பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு அவர்கள் சாத்திரத்தில் மாசு என்று பெயராம். மாசை நீக்கிவிட்டு இன்னும் ஒரு வருஷம் ஆய்வைத் தொடரலாமாம்.

"மாசுன்னா, தண்ணி குடுக்கறதா?"

"ஆமாம். அது நின்றால்தான் வித்தியாசம் தெரியும்."

"வித்தியாசம் தெரிய எத்தனை குழந்தைக்கு வயித்தால போகணும்?"

அவர் நல்ல மனிதர். கேலி என்று நினைக்கவே இல்லை. கணிப்பொறியில் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "குறைந்தது நாற்பத்தொன்று."

"என் தங்கச்சி பொண்ணு அதுல எத்தனாவது?"

அவர் மறுபடியும் கணிப்பொறியில் தட்டத் தொடங்கினார்.

அடுத்த வாரமே மூன்று லாரி செங்கல் வந்து இறங்கியது. ஆய்வின் தூய்மைக்காகச் சுவரை இரண்டாள் உயரத்துக்கு எழுப்பப் போகிறார்கள். கேள்வியக்கா மேற்பார்வையாளரிடம் வயிறெரியக் கேட்டாள்: "அந்தத் தெருவுக்கு வடிகட்டி வாங்க ஒரு காசு வரல. செங்கல்லுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?"

"அது நலத்திட்ட நிதிம்மா. இது ஆய்வு நிதி. ரெண்டையும் கலக்கக் கூடாது. உனக்குத்தான் இடம் தெரியுமே, கூட நின்னு கட்டி முடிச்சிட்டுப் படம் எடுத்து அனுப்பிடு."

நின்றாள். கொத்தனார் நூல் பிடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் தையல்காரம்மாவின் வாய் ஓயவில்லை.

"தண்ணிய நல்லாக்க வந்தீங்களா, எங்களக் கெட்டவங்களாக்க வந்தீங்களா? கழுத்துல அட்டை போட்டிருக்கியே, சொல்லு!"

கேள்வியக்காவின் முகம் சிவந்தது. கொத்தனாரிடம் போய்க் கழுத்து அட்டையை அவர் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"வாசல் எங்கே விடணும்னு சொன்னாங்களா?"

"வாசலா? வரைபடத்துல அப்படி எதுவும் இல்லியே."

"புது உத்தரவு. பத்து வீட்டுக்கு ஒண்ணு. ஆள் நுழையற அளவு, கதவு வேண்டாம்."

"இரண்டாள் உயரச் சுவருக்கு எட்டு வாசலா?"

"வெளிநாட்டு முறை. நமக்கெதுக்குங்க?"

நான்கு நாளில் வேலை முடிந்தது. வாசல் தெரியாத கோணமாகப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினாள். 'மாசு நீக்கப்பட்டது' என்று தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது.

இரண்டாம் தெருவுக்கு வடிகட்டி வரவில்லை. வித்தியாசம் தெரியாதவரை இனி வரப்போவதும் இல்லை. மறுநாள் காலை தையல்காரம்மா வாசல் வழியாக நேரே தங்கையின் சமையலறைக்குப் போய்க் குடத்தை இறக்கினாள். அவளுக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. "சுவர் கட்டச் சொன்ன அந்த ஆளு வந்தா எனக்குச் சொல்லி அனுப்பு" என்று திட்டிக்கொண்டே பாப்பாவுக்கு ஒரு தம்ளர் மொண்டு கொடுத்தாள்.