கௌசியா கொடுத்த அவுட்பாஸ்

சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நாமக்கல் வந்துபோகும் கௌசியா செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் பாடத்துக்குள் நினைத்த பக்கம் போகலாம் என்று நம்பினார். ஒரு விடுதிப் பள்ளியில் கணினிப் பாடம் தயாரிக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் நம்பியதுதான் கொடுமை.

பள்ளித் தாளாளர் குணசீலன் முன்னாள் கோழிப்பண்ணை அதிபர். கூண்டு, தீவனம், விளக்கு மூன்றும் சரியாக இருந்தால் விளைச்சல் தானாக வரும் என்பது அவர் கண்ட உண்மை. தொழிலைத்தான் மாற்றினார், உண்மையை மாற்றவில்லை.

கௌசியாவின் முதல் மென்பொருள் முட்டையைப் பற்றியது. திரையில் முட்டை ஓட்டைத் தொட்டால் சுண்ணாம்பு வரும். சுண்ணாம்பைத் தொட்டால் சங்ககிரிப் பாறை. பாறையைத் தொட்டால் மலைமேல் கோட்டை. தாளாளருக்கு வியர்த்தது.

“ஏனுங்க டீச்சர், முட்டையில கெளம்புன பையன் கோட்டை மேல நிக்கறான். பரீட்சைக்கு எவன் எறங்கி வருவான்?”

“ஆர்வம் இருந்தா வருவாங்க சார்.”

“ஆர்வத்துக்கு மார்க் உண்டுங்களா? லிங்க் எல்லாம் புடுங்கிப்போடுங்க. ‘அடுத்து’ன்னு ஒரே பட்டன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகலீன்னா கம்பெனிக்காரன் செஞ்சதை வாங்கிக்கறேன்.”

கௌசியா அழவில்லை, ராஜினாமா எழுதவில்லை. டீ குடித்தார். ஒரு லிங்க்கைக்கூடப் பிடுங்குவதில்லை என்று டம்ளரைக் கழுவி வைக்கும்போதே முடிவாகிவிட்டது.

மாலை பஸ்ஸுக்குப் போகையில், பல்வலிக்காரப் பையன் ஒருவனை, அனுமதிச் சீட்டைப் பார்த்து அப்பாவோடு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார் காவலாளி சின்னராஜ்.

“அவுட்பாஸ் இருந்தாப் போலாம், நேரத்துக்குத் திரும்போணும். தாளாளர் பேரனுக்கும் இதேதானுங்க.”

கௌசியா பஸ்ஸைத் தவறவிட்டு, திரும்பிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தார்.

அவர் மென்பொருளில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி ஆப்ஜெக்ட்; எல்லாவற்றுக்கும் அச்சு ஒன்றே, அதைத்தான் கிளாஸ் என்பார்கள். அச்சில் ஒருமுறை எழுதியது அத்தனை பக்கத்துக்கும் பிறவிக்குணமாக ஒட்டிக்கொள்ளும். அதில் அவுட்பாஸை எழுதினார். லிங்க்கைத் தொட்டால் பாஸ் கிடைக்கும். பத்து நிமிடம் எங்கும் சுற்றலாம். பிறகு கிளம்பிய பக்கத்துக்கே பாஸ் இழுத்து வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ‘அவுட்பாஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் தாளாளர் முகம் மலர்ந்தது. தாமே உட்கார்ந்தார். முட்டை, சுண்ணாம்பு, பாறை, கோட்டை, கோட்டைக்குள் சுனை. திடீரென்று மறுபடி முட்டை.

“அட! மலை மேல தண்ணி எப்படிங்க நிக்குதுன்னு படிச்சிட்டிருந்தேன்!”

“பத்து நிமிஷம் ஆச்சுங்க சார்.”

“நான் தாளாளருங்க!”

“பாஸுக்கு ஆள் தெரியாதுங்க சார்.”

இன்னொரு முறை ஏறினார். இன்னொரு முறை முட்டைக்கே வந்தார்.

“எனக்கு மட்டும் நேரத்தை எடுத்துப்போடுங்க.”

“எல்லாத்துக்கும் அச்சு ஒண்ணுதான் சார். அதுல எடுத்தா எல்லாப் பிள்ளைங்களுக்கும் எடுத்த மாதிரி.”

தாளாளருக்கென்று தனி அச்சு செய்ய அரைமணி போதும். அவர் கேட்கவில்லை, கௌசியாவும் சொல்லவில்லை.

குணசீலன் திரையில் இருந்த முட்டையை வெறுப்போடு பார்த்தார்.

“செரி, எல்லாத்துக்குமே நேரத்தை எடுங்க. ஆனா திரும்பி வர ஒரு பட்டன் இருக்கோணும்.”

“இருக்குங்க சார்.”

சாப்பாட்டு மணி அடித்தது. நேரக் கெடு நீங்கிய திரையில் மறுபடி ஏறிச் சுனையருகே இருந்த தாளாளர் அந்தப் பட்டனைத் தொடவில்லை.