குளிரில் போன ரோல்

என் வாய்க்காற்று பட்ட இடத்தில் லென்ஸ் வெள்ளையாக உறைந்துபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சியோல் நகரத்தில் ஒரு சந்தைத் தெரு. காலை பத்து மணி, பனி தூள் தூளாக விழுகிறது. கண்ணாடியில் தூசி என்றால் ஊதிவிட்டுச் சட்டை நுனியால் துடைப்பது என் நாற்பது வருடப் பழக்கம். ஜொகூர் வெயிலில் அது இரண்டு நொடி வேலை. சியோலில் ஊதியது ஐஸாகி ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்ற என் சகலை, அதாவது என் மனைவியின் அக்காள் வீட்டுக்காரர், மெதுவாகச் சொன்னார். "வாயால ஊதாதீங்க தம்பி. குளிர்ல கண்ணாடிய யாரும் ஊத மாட்டாங்க. அப்படியே விடுங்க, அதுவா போகும்."

யார் யாருக்குப் பாடம் சொல்வது என்று எனக்குச் சுருக்கென்றது. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கிருந்து வந்து ஜொகூர் பாருவில் சொந்த ஸ்டூடியோ போட்டேன். இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் பாதித் தாலி என் கண் பார்க்கத்தான் ஏறியது. வெள்ளை வேட்டியையும் கறுத்த முகத்தையும் இரண்டும் கெடாமல் ஒரே படத்தில் வாங்குவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். சகலை பொந்தியான்காரர். இருபது வருடத்துக்கு மேல் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், மீன் வைக்கும் குளிர்க்கிடங்கில் பெட்டி அடுக்கியவர். அவரிடம் பேட்டரிகூட இல்லாத ஒரே ஒரு பழைய பிலிம் கேமரா இருந்தது. "அண்ணன் மீனுக்கெல்லாம் போஸ் சொல்லிக் குடுப்பாரு" என்று குடும்பத்தில் நான் கேலி பேசுவேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஏனென்றால் மாமியார் வீட்டில் அவர்தான் மூத்த மாப்பிள்ளை. நான் காரில் போய் இறங்கினாலும் சரி, கை நிறையக் கொண்டு போனாலும் சரி, முதல் இலை அவருக்குத்தான். கோழிக்கால் அவர் இலைக்குப் போய்விட்டு மிச்சம்தான் என் பக்கம் வரும். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். முப்பது வருடம் இரண்டாவது இலையில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

இரண்டு ஜோடியாகச் சுற்றுப்பயணம் போகலாம் என்று பெண்கள் முடிவு செய்தபோது, டிஜிட்டலை மகனிடம் விட்டுவிட்டு என் பெரிய பிலிம் கேமராவை எடுத்துக்கொண்டேன். தானாகவே சுற்றிக்கொள்ளும் மோட்டார் வைத்தது. பனியில், தெருவில், பிலிமில் எடுத்துக் காட்டுகிறேன், யார் கலைஞன் என்று தெரியட்டும் என்பதுதான் என் எண்ணம். கறுப்பு வெள்ளை ரோல் அவருக்கும் சேர்த்து நானே வாங்கினேன். சியோலில் போய் இறங்கிய அன்றே அவர் சொன்னார், "மோட்டார் வேணாம் தம்பி. இந்தக் குளிர்ல பிளாஸ்டிக் முறுக்குனா ஒடிஞ்சிரும். எங்க கிடங்குல பை எல்லாம் அப்பளமா நொறுங்கும்." நான் கேட்கவில்லை. மறுநாள் என் பிலிம் உள்ளேயே அறுந்தது. அவர் குழந்தைக்குத் தலை வாருவதுபோல ஒவ்வொரு படமாகக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் ஏளனம் செய்த அந்தக் கிடங்குதான் அவருக்குக் குளிரைக் கற்றுக் கொடுத்திருந்தது.

லென்ஸ் உறைந்த அந்த நேரத்தில்தான் அது நடந்தது. சூப் விற்கும் தள்ளுவண்டிக்கு முன்னால் எங்கள் மனைவிமார், அக்காளும் தங்கையும், சேலைக்கு மேல் கோட்டுப் போட்டு நின்றார்கள். அக்காள் சூடான காகிதக் கோப்பையைத் தங்கையின் கன்னத்தில் வைத்தாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வாயிலிருந்து புகை. சூப்பிலிருந்து ஆவி. மூட்டை இழுத்துப் போன ஒரு கிழவர் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். சகலை ஒரே ஒரு முறை அமுக்கினார்.

ஊருக்கு வந்ததும் இரண்டு ரோலையும் நான்தான் என் வீட்டில் கழுவினேன். அவருடைய நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்தபோது என் கை நின்றுபோனது. பனி பனியாகவே இருந்தது, முகம் முகமாகவே இருந்தது. ஆவிக்கு நடுவில் அந்த இரண்டு சிரிப்பு. என் மனைவி என் கேமராவுக்கு ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுகூட இல்லை. இதை அந்தக் காலையிலேயே, ஈரம் காய்வதற்குள், நான் தெரிந்துகொண்டேன். பொந்தியானுக்குப் போன் போட்டேன்.

"குளிர்ல போயிருச்சுண்ணே. ஒண்ணும் தேறல."

"அப்படியா. நீங்க சொன்னா சரிதான் தம்பி" என்றார்.

ஒரு கேள்வி கேட்கவில்லை. அறுந்தது போக என் ரோலில் மிச்சமிருந்த படங்களைப் பெரிதாக்கி எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். சியோல் நகரக் கோபுரத்துக்கு முன்னால் நான்கு பேரும் விறைப்பாக நிற்கிற படங்கள். நல்லாயிருக்கு என்றார்கள்.

அடுத்த வருடம் சகலையின் மனைவி, அந்த அக்காள், மாரடைப்பில் போய்விட்டாள். மாலை போட ஒரு படம் வேண்டும். கோபுரத்துப் படங்களில் குல்லாவும் கழுத்துத் துணியும் முகத்தை மறைத்திருந்தன. கடைசியில் பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கினோம். செய்து கொடுத்தது நான்தான். சிரிக்கக்கூடாது என்று சொல்லி எடுக்கிற படம் அது. அதைச் சட்டம் போடும்போது மேசை இழுப்பறைக்குள் அந்தச் சிரிப்பு இருந்தது. எடுத்துக் கொடுத்தால் என் பொய் வெளியே வந்துவிடும். அதைவிட, வருகிறவர் எல்லாம் "யார் எடுத்தது" என்று கேட்பார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். இழுப்பறையைத் திறக்கவில்லை.

இந்த வருடத் திவசம் முடிந்து திரும்பும்போது காரில் என் மனைவி சொன்னாள். "அக்கா ஒருநாளும் இப்படி மூஞ்சிய வச்சிருந்ததில்ல. சிரிச்சா எப்படி இருப்பான்னே எனக்கு மறந்து போவுதுங்க." மறுநாளே அந்தப் படத்தைப் பெரிய தாளில் அச்சுப் போட்டேன். போடும்போதும் பொறாமைதான். ஆனாலும் ஒரு குறை வைக்காமல் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பொந்தியான் போனேன். சகலை படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் பக்கத்துல நின்னு இத ஒண்ணு எடுத்தேன் தம்பி. என்னோடது போயிருச்சு. நல்லவேளை, நீங்க எடுத்து வச்சிருந்தீங்க. உங்க கை உங்க கைதான்."

வாழ்நாள் முழுக்க அந்த மனிதர் வாயால் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. தலையை ஆட்டினால் போதும், படம் என்னுடையது. உண்மையைச் சொல்கிறேன், ஆட்டத்தான் நினைத்தேன். அவர் இன்னும் என் கையை விடவில்லை.

"இது உங்க ரோல்ண்ணே. அது போகல. நான்தான் பொய் சொன்னேன்."

கையை விட்டார். திட்டுவார் என்று நின்றேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"எதுண்ணே?"

"ஒரு ரோல்ல முப்பத்தாறு இருக்குமே. பாதிக்கு மேல அவளத்தான எடுத்தேன்."

இத்தனை வருடத்தில் நான் அந்த ஒரு படத்தைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. உள்ளே போனவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நெகட்டிவ் உங்க வீட்டுலதான இருக்கு? வாங்க போலாம்" என்று எனக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்தார். ஜொகூர் பாரு போகும் வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எல்லாவற்றையும் போட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று.