பூஜ்யத்தின் இடப்பக்கம்

மலைமேல், செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. அதற்கு மேல் மாடியில் கணக்கு டியூசன் நடத்துகிறேன். பகலெல்லாம் கீழே சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் நகல் எடுப்பேன். பள்ளிக்கூடம் விட்டதும் மேலே போய் வகைநுண்கணிதம் எடுப்பேன். பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு மலையிலேயே தங்கியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் படித்தார்கள், கொண்டை ஊசி வளைவு இறங்கினார்கள், போனவர்கள் போனவர்கள்தான். அதில் எனக்கு ஒரு திமிர். திமிர் என்று இப்போது சொல்கிறேன். போன தை மாதம் வரைக்கும் அதற்குச் சேவை என்று பெயர் வைத்திருந்தேன்.

பதினோராம் வகுப்பில் தொடர்ச்சி என்று ஒரு பாடம் உண்டு. ஒரு சார்பின் கோடு ஒரு புள்ளியில் அறுபடாமல் போகிறதா என்று பார்ப்பது. இடப்பக்கமிருந்து அந்தப் புள்ளியை நெருங்கினால் என்ன மதிப்பு வருகிறது, வலப்பக்கமிருந்து நெருங்கினால் என்ன வருகிறது, அந்தப் புள்ளியிலேயே என்ன இருக்கிறது, மூன்றும் ஒன்றாக இருந்தால் தொடர்ச்சி. நெருங்கும்போது வருகிற மதிப்புக்கு எல்லை என்று பெயர். இதை அப்படியே சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடும். அதனால் நான் ஊர்ப் பஞ்சாயத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பேன்.

எங்கள் ஊர்களில் வேலித் தகராறோ, மிளகுக் கொடி ஏறிய மரம் யாருடையது என்ற தகராறோ வந்தால், பெரியவர்கள் இரண்டு தரப்பையும் ஆளுக்கொரு பக்கம் நிற்க வைத்துத்தான் கேட்பார்கள். ஒரு தரப்பு வராவிட்டால் பேச்சே எடுக்க மாட்டார்கள். வெற்றிலையை மென்றுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

"ரெண்டு பக்கமும் வரோணும். வந்து ஒரே பேச்சுப் பேசோணும். ஒரு பக்கம் வரலீன்னா?" என்று கேட்பேன்.

"தீர்ப்பு இல்லீங்க சார்!" என்று மாடி அதிரக் கத்துவார்கள். கீழே நகல் எடுக்க வந்தவர்கள்கூடச் சிரிப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் இடம் எப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். வருகிறவர்கள் மாறுதல் வாங்கிக்கொண்டு கீழே போவதற்காகவே வருவார்கள். கடைசியில் பெற்றோர் ஆசிரியர் கழகமே அடிவாரத்திலிருந்து ஒரு பையனைத் தற்காலிகமாகப் பிடித்துப் போட்டது. பையன் என்றால் பையன்தான். மீசை அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. தினமும் காலை பஸ்ஸில் ஏறி வருவான். வளைவு அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. இறங்கும்போது கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும், முகம் வெளுத்திருக்கும். நான் கடையிலிருந்து பார்ப்பேன். எலுமிச்சம்பழ வாத்தியார் என்று பெயர் வைத்தது நான்தான். என் டியூசன் பிள்ளைகள் அதை வகுப்பு வரைக்கும் கொண்டுபோனார்கள்.

மிளகு பறிப்புச் சமயத்தில் பதினோராம் வகுப்புக்கு ஒரு தேர்வு வைத்தான். வர்க்கமூலம் x என்ற சார்பு பூஜ்யத்தில் தொடர்ச்சியானதா என்று கேள்வி. என்னிடம் படிக்கிறவர்களில் ஒருத்தி தவிர அத்தனை பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: குறை எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது, ஆகவே இடப்பக்கம் எதுவும் வரவில்லை, ஆகவே தொடர்ச்சி இல்லை. அத்தனை பேருக்கும் முட்டை. முழு மதிப்பெண் வாங்கியவர்கள் சிலர். அதில் ஒருத்தி என் மகள்.

"நீ எப்படி எழுதுனே?" என்று வீட்டில் அவளைப் பிடித்தேன்.

"தொடர்ச்சின்னு எழுதுனேன்ப்பா. அந்த சார்போட சார்பகமே பூஜ்யத்துலதான் ஆரம்பிக்குது. அதுக்கு வெளிய போயிக் கேக்கக் கூடாதுங்கறாரு சார். ஓரத்துல நின்னா, உள்பக்கம் மட்டும் பாத்தாப் போதுமாம்."

"வெளிய கேக்கக் கூடாதா? அவன் யாரு சட்டம் போட? அப்பன் வருசக்கணக்கா நடத்தறான், உனக்கு அந்த எலுமிச்சம்பழம் சொன்னது வேதமாயிருச்சா?"

"புக்குலயே இருக்குதுப்பா. எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை. எனக்குக் கோபம் வந்தால் கண்ணில் எழுத்து தெரியாது. என் மகளே எனக்கு எதிர்க்கட்சியாகப் போய்விட்டாள் என்பதுதான் தெரிந்தது.

மறுநாள் முட்டை வாங்கிய பிள்ளைகளின் வீட்டுக்காரர்களைச் சேர்த்தேன். சேர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கீழேயிருந்து வருகிற யாராக இருந்தாலும், ஆபீசராகட்டும் வியாபாரியாகட்டும், நம்மை இளக்காரமாகத்தான் பார்ப்பான் என்று எங்கள் ஆட்களுக்குள் ஒரு ரோசம் எப்போதும் தயாராக இருக்கும். காரணமில்லாமல் வந்த ரோசமும் அல்ல. ஆனால் அதை ஊதிவிட ஒரு ஆள் போதும். "மலைப் புள்ளைங்களுக்கு முட்டை போட்டா யாரு வந்து கேக்கப் போறாங்கன்னு நெனைச்சுட்டான்" என்றேன். பறிப்பை விட்டுவிட்டு, விரலில் மிளகுக் கறையோடு என் பின்னால் வந்தார்கள்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே போனோம். பையன் சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டே, "வாங்க சார்" என்றான். காரணத்தைக் கேட்டதும் கரும்பலகைப் பக்கம் திரும்பினான். "சார், பூஜ்யத்துக்கு இடப்பக்கம் அந்தச் சார்பே இல்லீங்க. இல்லாத இடத்துல எல்லையைத் தேடறது..."

"எந்த காலேஜ்ல படிச்சே நீ?" என்று கேட்டேன். "காசு குடுத்து வாங்குன டிகிரியா? வளைவு ஏறுனாலே தலை சுத்துது, இதுல எல்லையைப் பத்தி எனக்கு நீ சொல்றியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்தேன். அவன் காது மடல் சிவந்துபோனது. என் மகள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கூட வந்திருந்த பெற்றோர் கழகத் தலைவர், நல்ல மனுசர், மரவள்ளியும் மிளகும் போடுகிறவர், "வெள்ளிக்கெழமை கூட்டம் போட்டு, இவரை வெச்சுக்கறதா அனுப்பறதான்னு பேசிக்கலாம் சாமி" என்று எல்லோரையும் வெளியே அழைத்து வந்தார்.

கூட்டத்தில் அவனை ஒரே அடியில் உட்கார வைக்க வேண்டும் என்றுதான் புத்தகத்தைத் திறந்தேன். மத்தியானம், கடையில் ஆள் இல்லை. தொடர்ச்சிக்கு இலக்கணம் சொல்கிற வரியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன். பேனாவை எடுக்கும்போது கண் கீழே போனது. இரண்டு முனையும் உள்ள மூடிய இடைவெளி பற்றி ஒரு பத்தி. இடது முனையில் வலப்பக்க எல்லை மட்டும் போதும், வலது முனையில் இடப்பக்க எல்லை மட்டும் போதும், அது அந்த இடத்து மதிப்போடு ஒத்துப்போனால் அங்கேயும் தொடர்ச்சிதான் என்று தெள்ளத் தெளிவாகப் போட்டிருந்தது. இத்தனை வருசமாக அந்தப் பத்தியைத் தாண்டி நேராகக் கணக்குக்குப் போயிருக்கிறேன். ஒரு நிமிசம், இது மூடிய இடைவெளிக்குத்தானே, வர்க்கமூலத்துக்கு மறுமுனை இல்லையே என்று தப்பிக்கப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பினால் வர்க்கமூலத்தை வைத்தே ஒரு எடுத்துக்காட்டு உட்கார்ந்திருந்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

பள்ளி விட்டு வந்த மகள் என் முகத்தையும் திறந்திருந்த பக்கத்தையும் பார்த்தாள். பையை வைத்துவிட்டு நின்றாள்.

"பஞ்சாயத்துக்கு வராதவன் வேறப்பா," என்றாள். "பொறக்கவே பொறக்காதவன் வேற. பொறக்காத ஆளை வரலீன்னு சொல்லித் தீர்ப்பைத் தள்ளி வெப்பாங்களா?"

என் உதாரணத்தை வைத்தே எனக்குப் புரிய வைத்துவிட்டாள். நானோ அந்தப் பையனை ஒரு வார்த்தை முடிக்க விடாமல் வகுப்பில் நிற்க வைத்துக் கேவலப்படுத்தியிருக்கிறேன். அவன் வேலை இப்போது என் வாயில் இருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில், என் கண் எதிரில்தான் தினமும் இறங்குகிறான். மறுநாள் காலையிலும் இறங்கினான். நான் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் குனிந்து, இல்லாத பேப்பரைத் தேடினேன். கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம், "ரெண்டு பேர் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குது" என்று பூசி மெழுகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அதிகம் கூசுகிறது. தெரியாமல் திட்டியது ஒரு பாவம். தெரிந்த பிறகு ஒளிந்துகொண்டது?

வெள்ளிக்கிழமை பள்ளி ஹாலில் கூட்டம். பிள்ளைகளையும் உட்கார வைத்திருந்தார்கள். தலைவர் பேச ஆரம்பிக்கும் முன்பே அந்தப் பையன் எழுந்தான். "எல்லாரும் மன்னிக்கோணுங்க. நான் சரியாப் புரிய வெக்கலை. அந்தக் கேள்விக்கு எல்லாப் புள்ளைங்களுக்கும் முழு மார்க் போட்டுர்றேனுங்க" என்றான்.

சரியான விடையை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறான்! தப்பான விடைக்கு மார்க் போடுகிறேன் என்கிறான்! அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

"போடாதீங்க" என்று எழுந்தேன். "அவர் போட்ட முட்டை சரி. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு."

ஹாலில் ஒரு சலசலப்பு. "பாருங்க, சார் எப்பேர்ப்பட்ட பெரிய மனசு!" என்றார் ஒருவர். "வாத்தியார்ப் பையன் பொழைச்சுப் போகட்டும்னு விட்டுக் குடுக்கறாரு" என்றது இன்னொரு குரல். தலைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டே விட்டார்.

"ஐயோ, பெரிய மனசும் இல்ல, சின்ன மனசும் இல்லீங்க!" என்று கத்தினேன். "எனக்குத் தெரியலை. புக்குல இருக்கறதைப் படிக்கலை. அவ்வளவுதான்!"

கரும்பலகையில் வர்க்கமூலத்தின் கோட்டை வரைந்தேன். பூஜ்யத்திலிருந்து அது வலப்பக்கமாக ஏறிப் போவதையும், இடப்பக்கம் ஒன்றுமே இல்லை என்பதையும் காட்டினேன். பெரியவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, மரியாதையாகத் தலையாட்டினார்கள். பிள்ளைகளுக்கு விளங்கியது. என் டியூசன் பிள்ளைகளின் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப வாத்தியார் இங்கியே இருக்கட்டும்" என்றார் தலைவர்.

பையன் தயங்கினான். "இல்லீங்க ஐயா. கீழ ஒரு ஸ்கூல்ல நேத்தே வரச் சொல்லிட்டாங்க. திங்கக்கெழமை சேர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேனுங்க." பிறகு என்னிடம் வந்து, "நன்றிங்க சார்" என்றான். கிண்டல் இல்லை, நிசமாகவே சொன்னான். ஒரு அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். "என்னை மன்னிச்சுருங்க தம்பி" என்றேன். அவனிடம் மரியாதை போட்டுப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை, கடைசியும்.

"அட, அதுக்கென்ன, நம்ம சாரே இருக்காரே!" என்று தலைவர் எனக்குக் கை காட்டினார். ஹால் முழுக்கக் கை தட்டியது. மாட்டேன் என்றேன். பரீட்சைக்குள் வேறு ஆள் ஏறி வருமா என்று கேட்டார்கள். வராது என்று எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அவன் நின்ற இடத்தில் நான் நின்றேன். பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். என்னிடம் இரண்டு வருசமாகப் படிக்கிறவள், கெட்டிக்காரி, வாசலூர்பட்டியிலிருந்து வருகிறவள். அவளுக்கும் அந்த முட்டை விழுந்திருந்தது. குரலில் துடுக்கு துளியும் இல்லை.

"சார், நீங்க டியூசன்ல சொல்லிக் குடுத்ததுல வேற எதெல்லாம் தப்புங்க? சொன்னீங்கன்னா திருத்தி எழுதிக்கறோம்."

எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள். என் மகளும் திறந்தாள்.

"தெரியலை கண்ணு" என்றேன்.