பந்து உருளும் சத்தம்

போன கோடையில் நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் புதுச்சேரிக்குப் போய், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாடத் தொடங்கினோம். எல்லோருமே மரக்காணத்தில் சேர்ந்து உப்பளம் குத்தகைக்கு எடுத்தவர்கள். கனமான பந்து பலகைத் தரையில் உருளும்போது இடி இடிப்பது போலவே இருக்கும். உப்பளக் கரையில் குவித்த உப்பு மழை பட்டால் கரைந்துவிடும் என்பதால், முதல் நாள் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் வாசலைப் பார்த்தேன்.

"ஏம்பா, பந்துக்கே இப்படி பயப்படுறியே, வீட்ல எப்படி குடும்பம் நடத்துற?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். கூச்சத்தில் அதன் பிறகு நான் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் வாரிய உப்பை மூடாமலே கிளம்பியிருந்தோம். விளையாடும்போது பெரிய சத்தம் கேட்டது. அப்போது எங்களில் யாரும் பந்தை உருட்டவில்லை; பந்து உருட்டும் பக்கத்துப் பாதையிலும் யாரும் இல்லை. மறுபடியும் சிரிப்பார்களே என்று தயங்கி, ஒரு ஆட்டம் முடிந்த பிறகுதான் வெளியே போய்ப் பார்த்தேன். வடக்கே, மரக்காணம் பக்கம் வானம் கறுத்து, மழை கொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடிப் போய்ச் சொன்னேன்.

"டேய், விளையாடாதடா," என்றான் அன்று என்னைக் கிண்டல் செய்தவன். என் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்ததும் பந்தைக் கீழே வைத்தான்.

உடனே ஊருக்குக் கிளம்பினோம்; வழியில் கீழ்புத்துப்பட்டு தாண்டியும் மழை விடவில்லை. உப்பளத்தில் நான்கு பேரும் சேர்ந்து தார்ப்பாயை இழுத்து மூடினோம். மூடிய பிறகும் அதன் அடியிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.