எனக்கென்று வைத்த பேப்பர் கப்

தென்கொரியாவில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், தண்ணீர் பிடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. உள்ளே கிருமி சாகட்டும் என்று நீல விளக்கு எரியும். எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருக்கும். யாரும் எதையும் எடுக்கலாம். தலைமையாசிரியர் குடித்தது, கூடம் கூட்டுகிற அம்மா குடித்தது, மூக்கு ஒழுகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை குடித்தது எல்லாம் கழுவப்பட்டு அதே அலமாரிக்குத்தான் திரும்பும். முதல் நாள் நான் ஒன்றை எடுத்துத் தண்ணீர் பிடித்து, அண்ணாந்து, உதட்டில் படாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டேன். இறக்கிப் பார்த்தால் கூடமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரே சிரிப்பு. பிள்ளைகள் ஆளுக்கொரு டம்ளரை எடுத்து என்னைப் போலவே ஊற்றிப் பார்த்துச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்குப் ‘பொக்போ சொன்செங்னிம்’ என்று பெயர். அருவி வாத்தியார்.

ஊரில் இருப்பவர்கள் போன் செய்தால் நாய்க்கறி தின்றாயா, பாம்பு தின்றாயா என்றுதான் கேட்கிறார்கள். இங்கே நான் தின்பது சோறு. மூன்று வேளையும் சோறு. பள்ளித் தட்டில் ஒட்டிக்கொள்கிற மாதிரி வெந்த சோறு, உப்புக் கரிக்கும் சூப், காரமும் புளிப்புமாகக் கிம்ச்சி என்கிற கோஸ் ஊறுகாய். கிம்ச்சியை முதலில் முகர்ந்தபோது முடியவில்லை. இப்போது அது இல்லாமல் இறங்கவில்லை. இரும்புக் குச்சிகளால் ஒரு பருக்கையைக்கூடப் பிடிக்க வந்துவிட்டது. நாக்கு சீக்கிரம் ஊர் மாறிக்கொள்ளும், அதற்கு மானரோஷம் கிடையாது. கைதான் மாறாது. டம்ளரைத் தூக்கினால் அது தானாக நெற்றிக்கு மேலே போய் நிற்கும்.

அந்தப் பழக்கம் அம்மா போட்டது. வடக்கனந்தல் பக்கத்தில் காலனியில் எங்கள் வீடு. அம்மா களை எடுக்கப் போகிற நிலத்துக்காரர் வீடுகளுக்கு எங்களையும் கூட்டிப் போவாள். தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். என்றைக்காவது சொம்பையே கையில் கொடுத்துவிட்டால் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும். “டேய், வாய் கீய் பட்டுச்சுன்னா அந்தச் சொம்ப தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க, நம்மளையும் சேத்து” என்பாள். விருந்தாளி வந்த வீட்டில் நாகரிகத்துக்காக அண்ணாந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பயத்துக்காக அண்ணாந்து குடித்தோம்.

சொம்பெல்லாம் அந்தக் காலம் என்று சொல்வீர்கள். நிஜம்தான், காலம் மாறிவிட்டது. எங்கள் பஸ் ஸ்டாப் டீக்கடையில் இப்போது ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனி ஆட்களுக்குப் பேப்பர் கப். கேட்டால் யாரும் சாதி என்று சொல்லமாட்டார்கள். என் அண்ணன் முருகேசன் ஒவ்வொரு நாளும் கிளாஸில் டீ கேட்பான். கடைக்காரர் ஒவ்வொரு நாளும் “கிளாஸு இன்னும் கழுவல, இதுல குடிச்சிட்டுப் போ” என்று பேப்பர் கப்பை நீட்டுவார். கழுவின கிளாஸ் அவருக்குப் பின்னால் சொட்டச் சொட்டக் கவிழ்ந்திருக்கும். அண்ணன் வாங்கிக் குடித்துவிட்டுக் கப்பைக் கசக்கி வழியெல்லாம் கையிலேயே வைத்துக்கொண்டு வருவான்.

அவன் கரும்பு வெட்டித்தான் நான் பி.எட். முடித்தேன். அந்தச் சான்றிதழ் இருந்ததால்தான் இந்தியாக்காரனான எனக்குக் கொரியப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லித்தரும் வேலை கிடைத்தது. அவன் கை முழுக்கக் கரும்புத் தோகை கீறிய கோடுகள். சாயந்தரமானால் கல்வராயன் மலையிலிருந்து லாரி டியூபில் இறங்குகிற சாராயத்தைக் குடிக்கப் போவான். ஏண்டா இப்படி அழிகிறாய் என்று ஒருமுறை சண்டை போட்டேன். அவன் கோபப்படவில்லை. “அங்க மட்டுந்தான்டா எல்லாத்துக்கும் ஒரே பிளாஸ்டிக் டம்ளரு. ரெட்டியாரு மவன் குடிச்சிட்டு அப்பிடியே எங்கையில குடுப்பான். கழுவலன்னு ஒருத்தன் சொல்லமாட்டான்” என்றான்.

கள்ளக்குறிச்சி என்றால் இப்போது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் சாராயச் சாவுதான் ஞாபகம் வருகிறது. என் அண்ணன் செய்தியில் வந்தவன் இல்லை. அதற்கு முன்னாலேயே, ஒற்றை ஆளாகச் செத்தான். ஒரு காலையில் எழுந்து, “விடிஞ்சிச்சாடா? ஒண்ணும் தெரியலியே” என்றான். வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கருமாதிப் படையலில், செத்தவனுக்குப் பிடித்ததை வைக்கவேண்டும் என்று மாமா ஒரு குவாட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து இலையில் வைத்தார். அம்மா அதை எடுத்துச் சுவரில் அடித்தாள். கண்ணாடி நொறுங்கிக் கிடக்க, என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்தாள். “ஒரு சொட்டு உள்ள போவாதுன்னு சொல்லு. இருக்கிறது நீ ஒருத்தன்தான். எந்தலமேல கை வச்சி சொல்லு.” சொன்னேன்.

அந்த வாக்கோடுதான் இந்த நாட்டுக்கு வந்தேன். வந்து இறங்கியது குடிக்கிற நாட்டில். இங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவதற்கு ஹ்வேசிக் என்று பெயர். மேசை நடுவில் அடுப்பு, அதன்மேல் பன்றிக்கறி வாட்டுவார்கள், பச்சைப் பாட்டில்களில் சோஜு என்கிற சாராயம் வரும். தனக்குத்தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது, அடுத்தவர் ஊற்றவேண்டும். பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் கிளாஸைப் பிடிக்கவேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு குடிக்கவேண்டும். வேண்டாம் என்பது பெரிய வேலை. வயிற்றில் புண், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்து வகுப்பெடுக்கும் ஹான் டீச்சர் நல்ல பெண். எனக்கு மட்டும் சோஜு கிளாஸில் சைடா என்கிற எலுமிச்சை சோடாவை ஊற்றிவிடுவாள். ஒன்றரை வருடம் அந்த சைடாதான் என் வாக்கைக் காப்பாற்றியது.

எங்கள் துணைத் தலைமையாசிரியரைக் கியோகாம்நிம் என்று கூப்பிடுவோம். வயதானவர், அதிகம் பேசமாட்டார். காலையில் ஆசிரியர் அறையில் தன் கையால் மிக்ஸ் காபி கலக்கி, அங்கிருக்கும் பீங்கான் கோப்பைகளில் கைக்குக் கிடைத்ததில் ஊற்றி என் மேசையில் வைப்பார். சில நாள் அது அவரே குடித்து அலம்பிய கோப்பையாக இருக்கும். எனக்குக் காபி கலக்கித் தந்த முதல் மேலதிகாரி அவர். அவர் ஓய்வு பெறப்போகிறார் என்று டிசம்பரில் ஒரு ஹ்வேசிக் வைத்தார்கள்.

சாப்பிட்டு முடிகிற நேரம் அவர் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். தன் கிளாஸில் இருந்ததைக் குடித்து முடித்தார். அந்த ஈரக் கிளாஸை அப்படியே என்னிடம் நீட்டினார். இங்கே பழைய ஆட்களின் வழக்கம் அது. தான் குடித்த கிளாஸைக் கொடுத்து, அதில் ஊற்றினால், உன்னை என் ஆளாக நினைக்கிறேன் என்று அர்த்தம். நோய்த்தொற்றுக் காலத்துக்குப் பிறகு பெரும்பாலும் விட்டுவிட்டார்களாம். அன்றைக்கு அவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. “ஒரே ஒரு கிளாஸ். நான் போகப்போகிறேன்” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். ஹான் டீச்சர் சைடா பாட்டிலை எடுத்தாள். அதற்குள் அவர் சோஜுவை ஊற்றிவிட்டார்.

கிளாஸின் விளிம்பில் அவர் உதடு பட்ட ஈரம் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். முப்பத்திரண்டு வருடத்தில், பெரிய இடத்து மனிதர் ஒருவர் தன் எச்சில் கிளாஸை எனக்குக் கொடுப்பது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? அண்ணன் சொன்னது காதில் கேட்டது. அம்மாவின் தலைச்சூடு உள்ளங்கையில் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மரியாதைக்கு ஏங்கிப்போனவன் புத்தி அந்த நேரத்தில் வேலை செய்யாது. இரண்டு கையாலும் வாங்கினேன். முகத்தைத் திருப்பினேன். குடித்தேன்.

எப்படிக் குடித்தேன் என்பது கிளாஸை இறக்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. கை தன் வேலையைச் செய்திருந்தது. நெற்றிக்கு மேலே தூக்கி, உதட்டில் படாமல், தண்ணீர் மாதிரி ஊற்றியிருந்தேன். தொண்டை எரிந்தது. மூக்கில் ஏறிய வாசனை அண்ணன் சட்டையில் அடித்த அதே வாசனை. கண்ணில் தண்ணீரோடு நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளைகளென்றால் சிரித்திருப்பார்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. கியோகாம்நிம் கிளாஸைத் திருப்பி வாங்கி, அதன் விளிம்பைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து அந்த விளிம்பைத் துடைத்தார். “ஸாரி” என்று தலையைக் குனிந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அந்த ‘ஸாரி’ என்னைக் கொன்றுவிட்டது. அவர் வாய் எனக்கு அசிங்கம் என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார். டீக்கடையில் என் அண்ணன் முகம் போன மாதிரியே அவர் முகம் போயிருந்தது. அதைச் செய்தவன் நான். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் விட்டேன், எதற்காக விட்டேனோ அதையும் கெடுத்தேன். கழிப்பறைக்குப் போய் விரலை விட்டு வாந்தி எடுத்தேன். கறியும் சோறும் வந்தது. போனது போனதுதானே.

திங்கட்கிழமை காலையில் ஹான் டீச்சரைக் கூட்டிக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். “எங்கள் ஊரில் பாத்திரத்தில் வாய் படாமல் குடிப்பது பழக்கம். அவரை அவமதிக்கச் செய்யவில்லை என்று சொல்லுங்கள்” என்றேன். அவள் கொரிய மொழியில் நீளமாக என்னவோ சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். முகம் தெளிந்தது. என் தோளைத் தட்டிக்கொடுத்து நாலு வார்த்தை பேசினார்.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டேன்.

“உங்கள் ஊர்ப் பழக்கத்தைத் தெரிந்துகொள்ளாதது தன் தப்பு என்கிறார். அடுத்தவர் வாய் பட்டது உங்களுக்கு ஆகாது, அதனால்தான் அண்ணாந்து குடிக்கிறீர்கள் என்று இத்தனை நாள் தெரியவில்லையாம். இனி கவனமாக இருக்கிறேன் என்கிறார்.”

“ஆகாது என்று இல்லை, டீச்சர். அது வேறு” என்று ஆரம்பித்தேன். வேறு என்றால் எது? அந்த வீட்டு வாசல்களில் குவித்த கையையும் எங்கள் பஸ் ஸ்டாப்பையும் எந்த ஆங்கிலத்தில் அவளுக்குச் சொல்வது? மணி அடித்துவிட்டது.

மறுநாள் என் மேசையில் ஒரு பாக்கெட் புத்தம்புது பேப்பர் கப் இருந்தது. மேலே ஒரு சீட்டு ஒட்டி, மார்க்கர் பேனாவால் கொரிய எழுத்தில் ‘சேகர் சொன்செங்னிம்’ என்று என் பெயர் எழுதியிருந்தது. கியோகாம்நிம் கடைக்குப் போய்த் தன் கைக்காசில் வாங்கி வந்தாராம். அன்றைக்கு எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் காபி போனது. எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. இரண்டு கையாலும் கொண்டுவந்து மரியாதையாக வைத்துவிட்டு, “கிளீன்” என்று சொல்லிச் சிரித்தார். நான் எழுந்து நின்று குனிந்து நன்றி சொன்னேன். இப்போதும் தினமும் சொல்கிறேன். அவர் போகிற நாள் நெருங்கிவிட்டது. போன வாரம் இரண்டாவது பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறார்.

இன்று காலை இடைவேளையில் அம்மா வீடியோவில் வந்தாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். நூறுநாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டு, அண்ணியின் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டியா, குளிர் ஜாஸ்தியா, ஸ்வெட்டர் போட்டியா என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டாள். பிறகு போனைக் கிட்டத்தில் கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள்.

“இன்னாடா அது கையில? பேப்பர் கப்பா?”

“ஆமாம்மா. காபி.”

“உம்பின்னாடி ஒரு ஆளு பீங்கான்ல குடிச்சிக்கினு கீறாரு?”

திரும்பிப் பார்த்தேன். கியோகாம்நிம் ஜன்னலோரம் நின்று குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “நாம யாருன்னு அவங்களுக்கு யாருடா சொன்னது?”

அப்படி இல்லை அம்மா, இவர்களுக்கு நம் ஊரும் தெரியாது, சாதியும் தெரியாது, இது பாசத்தில் வாங்கி வைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் வாங்கி வைத்தார் என்று அடுத்து கேட்பாள். அதைச் சொன்னால் அந்தக் கிளாஸைச் சொல்லவேண்டும். அந்தக் கிளாஸைச் சொன்னால் அதில் இருந்ததைச் சொல்லவேண்டும். அவள் தலைமேல் வைத்த கை இதுதான், கப்பைப் பிடித்திருக்கிற இதே கை.

“சும்மாதாம்மா. கோப்பையெல்லாம் இன்னும் கழுவல” என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. “சரி, சூடா குடி” என்றாள் அம்மா. தன் சொந்த வீட்டில், தன் சொந்த எவர்சில்வர் டம்ளரை நெற்றிக்கு மேலே தூக்கி, உதட்டில் படாமல் மிச்ச டீயை ஊற்றிக்கொண்டாள். நான் பேப்பர் கப்பின் விளிம்பில் உதட்டை வைத்துக் குடித்தேன்.