தியானம் என்றே நினைத்தார்கள்

கொரோனா ஓய்ந்து கல்லூரிகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்த சமயம். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் முதுகலை கணிதம் சேர்ந்திருந்தேன். வீடு கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வர முடியாது என்று செங்கம் ரோட்டில் ஓர் அறையில், வேலைக்குப் போகும் ஒருவரோடு தங்கியிருந்தேன்.

முதல் செமஸ்டர் பரவாயில்லை. இரண்டாவதில் ஏதோ ஆகிவிட்டது. என்ன ஆனது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. காதல் தோல்வி இல்லை, யாரும் சாகவில்லை. தூக்கம் போனது, பிறகு பசி போனது. போர்டில் எழுதுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே எதுவும் போகாது. பல் தேய்ப்பதுகூடப் பெரிய வேலையாகிவிட்டது. வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன்.

அறையில் இருப்பவர் கேள்வி கேட்பாரே என்று காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கல் மண்டபம் உண்டு. அங்கே போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன்.

வேறு ஊராக இருந்தால் யாராவது வந்து, "யாருப்பா நீ, காலையிலேருந்து இங்கியே உக்காந்துனு கீற?" என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கேட்க மாட்டார்கள். மலையைப் பார்த்து ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது தியானம். பேசாமல் இருந்தால் மௌன விரதம். சவரம் செய்ய அலுப்புப்பட்டு விட்டிருந்த தாடி வேறு எனக்கு நன்றாக வளர்ந்திருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தள்ளி நின்று என்னைப் படம் எடுத்தார். வெளியூர் அம்மா ஒருவர் என் முன்னால் வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை. அந்தப் பழத்தைக் குரங்கு எடுத்துக்கொண்டு போனது.

சிரிப்பாக இருக்கிறதா? இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்தக் கும்பிடு என்னை இன்னும் தனியாக்கியது. கண்ணை மூடியிருந்த நேரமெல்லாம் எனக்குள் ஓடியது ஒரே நினைப்புதான். நாளைக்கு நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும் என்கிற நினைப்பு. அதுவும் வரவரப் பழகிப்போய், பயம்கூடக் குறைந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு காலையில் ஸ்கூட்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. என் வகுப்பில் படிக்கும் பெண். அதுவரை அவளோடு நான் பேசியதெல்லாம் நோட்ஸ் கேட்டு வாங்கிய அளவுதான். எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். தியானமா என்று அவள் கேட்கவில்லை.

"காலைல சாப்டியா?" என்றாள்.

ஞாபகம் இல்லை என்றேன்.

"நேத்து?"

அதுவும் ஞாபகம் இல்லை. தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, "கண்ண மூடினு இன்னா நெனச்சினு இருக்க?" என்று கேட்டாள். நெருங்கிய யாராவது கேட்டிருந்தால் மழுப்பியிருப்பேன். இவள் யாரோதானே என்கிற தைரியத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

அவள் பதறவில்லை. 'அப்படியெல்லாம் பேசக்கூடாது' என்று புத்தி சொல்லவும் இல்லை. எதிரே இருந்த தூணைக் காட்டினாள். "டிகிரி படிக்கும்போது நானும் அந்தத் தூணாண்டதான் வந்து உக்காருவேன். சாமி பொண்ணுன்னு பேரு வேற. அப்புறம் டாக்டர்கிட்ட போனேன். மாத்திரை இன்னும் சாப்பிடறேன். டெய்லி இந்தப் பக்கமாதான் காலேஜ் போறேன், ஒரு வாரமா உன்னப் பாத்துனு இருக்கேன். மொதல்ல இட்லி சாப்டலாம், எழுந்திரு."

ஏதோ காய்ச்சல் வந்து போன கதை போலத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது எவ்வளவு நாளாகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

அவளே துறைப் பேராசிரியரிடம் கூட்டிப் போனாள். திட்டு விழும் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, கல்லூரியின் மனநல ஆலோசகரை வரச் சொன்னார். கல்லூரியில் அப்படி ஒருவர் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஆலோசகர் நிதானமாகக் கேட்டார். அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க வேண்டும், வீட்டிலிருந்து ஒருவர் வந்தால் நல்லது என்றார். அதுவரை பகலில் அறையில் தனியாக இருக்க வேண்டாம் என்று அன்றைக்கே என்னை ஒரு வகுப்பு நண்பன் வீட்டில் தங்கவைத்தார்கள்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "நாளைக்கு நானே வரேன்டா" என்று வைத்துவிட்டார். வயலில் மல்லாட்டை பிடுங்க ஆள் விட்டிருந்த நேரம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதையெல்லாம் போட்டுவிட்டு அம்மா வந்து நின்றார். என் தாடியைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். வேன் ஓட்டும் சித்தப்பா என்னை மண்டபத்தில் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"சாமியாரா போகப்போறியாடா? அதுக்கா உன்ன படிக்க வெச்சோம்?"

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எனக்கு எதுவும் முடியல" என்றேன். அம்மாவுக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் என் கையை மட்டும் விடவே இல்லை.

மனநலப் பிரிவில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயத்தில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி எல்லாரும் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் என்னிடம் வெகுநேரம் பேசிவிட்டு, இது மன அழுத்த நோய், மருந்தும் பேச்சும் சேர்ந்தால் சரியாகும் என்று அம்மாவுக்கு விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்.

"மாத்திரை சாப்ட்டா சாமியாரா போகமாட்டான் இல்லிங்களா?"

"போகமாட்டாரும்மா. கிளாஸுக்குப் போவார்" என்றார் டாக்டர்.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. மாத்திரை முதலில் தூக்கத்தைத்தான் கொடுத்தது. வாரா வாரம் ஆலோசகரிடம் போய்ப் பேசினேன். பிறகு ஒருநாள் மதியம் சாதாரணமாகப் பசித்தது. அவ்வளவுதான், வேறு அதிசயம் எதுவும் நடக்கவில்லை. வருகைப் பதிவு குறைந்ததற்குப் பேராசிரியரே பொறுப்பேற்று முதல்வரிடம் பேசினார். ஒரு பேப்பர் அரியர் விழுந்தது, அடுத்த முறை எழுதினேன். உறவுக்காரர்கள் துருவிக் கேட்டபோது அம்மா, "உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட காட்டறோம்" என்று பட்டென்று சொல்லிவிட்டார். இப்போதும் போனில் அம்மா முதலில் கேட்பது, "ஷேவ் பண்ணியா?" என்றுதான்.

இன்று திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிவலப் பாதையில் நடப்பேன். யாராவது இளவயதுக்காரர் நெடுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய், "சாப்டீங்களா?" என்று கேட்டுவிடுவேன். பெரும்பாலும் திட்டுதான் கிடைக்கும். தியானத்தைக் கெடுத்துவிட்டேன் என்று ஒருவர் என்னைத் துரத்தாத குறை. திட்டுகிறவர்களுக்குத் தெம்பு இருக்கிறது என்று சந்தோஷமாக நகர்ந்துவிடுவேன்.

போன மாதம் ஒரு பையன் திட்டவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஞாபகம் இல்லிங்கண்ணா" என்றான். அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். 'கண்ண மூடினு இன்னா நெனச்சினு இருக்க?' என்று என்னிடம் அன்றைக்கு அந்தப் பெண் கேட்ட கேள்வியின் மதிப்பு, அதைத் திரும்பக் கேட்க வேண்டி வந்த அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.